ஓரச் சிப்பாயும் உலகச் சம்பியனும்

1980ஆம் ஆண்டு ஜனவரியில், சுவீடனின் ஸ்காரா நகரில், ஐரோப்பிய நாடுகளின் குழுச் சதுரங்கப் போட்டி நடைபெற்றது. சோவியத் அணியின் முதற் பலகையில் வெள்ளைக் காய்களுடன் அமர்ந்திருந்தவர் உலகச் சம்பியன் அனதோலி கார்ப்போவ். எதிரே இங்கிலாந்தின் டொனி மைல்ஸ்.

கார்ப்போவ் அரசனின் சிப்பாயை இரண்டு கட்டங்கள் முன்னே நகர்த்தினார். மைல்ஸ் ராணிப் பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரேயொரு கட்டம் நகர்த்தினார். அடுத்த நகர்த்தலில் அதன் அயற்சிப்பாயை இரண்டு கட்டங்கள். பலகையின் நடுப்பகுதியைக் கைப்பற்று என்பதே சதுரங்கம் பழகுவோர் கற்கும் முதற் பாடம். அதையே மீறிய இந்தத் தொடக்கத்தைக் கண்டு பார்வையாளரிடையே சிரிப்பொலி எழுந்ததாகச் சொல்லப்படுகிறது.

புனித ஜோர்ஜ் தற்காப்பு எனப்படும் இம்முறை மைல்ஸின் கண்டுபிடிப்பன்று. 1868இலேயே பேக்கர் என்ற ஆங்கிலேயர், பின்னாளில் முதலாவது உலகச் சம்பியனான ஸ்ரைனிற்ஸை இதனைக் கொண்டு வென்றிருந்தார். ஆயினும் அது ஸ்ரைனிற்ஸ் ஒரே வேளையில் பலருடன் மோதிய காட்சி ஆட்டம். உலகச் சம்பியனுக்கு எதிராக, நாடுகள் மோதும் களத்தில் இதைத் துணிந்து ஆடுவது முற்றிலும் வேறு விடயம்.

அன்றைய சோவியத் சதுரங்கம் ஒரு தனிமனிதரின் திறமை மட்டுமன்று. பயிற்றுநர்கள், ஆய்வுகள், அரசின் ஆதரவு என்பன சேர்ந்த பெரும் அமைப்பு. நன்கறியப்பட்ட தொடக்கங்களில் கார்ப்போவுடன் மோதுபவர் அந்த முழு அமைப்புடனும் மோத வேண்டியிருந்தது. மைல்ஸின் இரண்டு நகர்த்தல்கள் அவரை அதிலிருந்து பிரித்தெடுத்தன. பலகையில் எஞ்சியவர்கள் இருவர் மட்டுமே.

எனினும் வெற்றியைத் தந்தது அந்த விசித்திரத் தொடக்கம் என்று கொள்வது தவறு. கார்ப்போவ் அரசனின் பக்கம் தாக்குதலுக்கு முனைந்தார், அது பலிக்கவில்லை. 24ஆம், 25ஆம் நகர்த்தல்களில் மைல்ஸின் ராணி இரு சிப்பாய்களை வெட்டியது. கார்ப்போவால் மீட்க முடிந்தது ஒன்றை மட்டுமே. ராணிகள் களத்தை விட்டு நீங்கியபோது மைல்ஸிடம் ஒரு சிப்பாய் கூடுதலாகவும், இரண்டு மந்திரிகளும் இருந்தன. அந்தச் சிறு அனுகூலத்தைப் பொறுமையாக வளர்ப்பது கார்ப்போவுக்கே உரிய கலை. அதனையே அவருக்கு எதிராக மைல்ஸ் ஆடினார். 46ஆவது நகர்த்தலுடன் உலகச் சம்பியன் தோல்வியை ஏற்றார்.

சோவியத் அணியே கிண்ணத்தை வென்றது. இங்கிலாந்து மூன்றாமிடம் பெற்றது. கார்ப்போவ் 1985 வரை சம்பியனாகவே நீடித்தார். மைல்ஸ் 2001இல், தமது 46ஆவது வயதில் காலமானார். ஓர் ஆட்டம் உலகைப் புரட்டிவிடவில்லைதான். ஆனால் பெரும் அமைப்பொன்றின் முன் தனித்து அமர்பவன், அது வகுத்த பாதையிலேயே நடக்க வேண்டியதில்லை என்பதை அது காட்டியது. பாதையை மாற்றிய பின்னரும் நாற்பதுக்கு மேற்பட்ட நகர்த்தல்களைத் தவறின்றி ஆட வேண்டும் என்பதையும் சேர்த்தே காட்டியது.