வரிசை யாருடையது? கார் முகவர்களும் ஆலை ஒதுக்கீடும்: இந்திய, மலேசிய அனுபவங்கள்

காப்பாரிலிருந்து கிள்ளானைக் கடந்து செல்வோர்க்கு ஷா ஆலாம் தொலைவன்று. 1960களின் இறுதியிலேயே அவ்வட்டாரத்தின் பத்து தீகாவில் வால்வோ கார்கள் பொருத்தப்பட்டன. 1985இல் புரோட்டோன் சாகா ஷா ஆலாம் ஆலையிலிருந்து வெளிவந்தது. ஆலை அருகிலிருப்பினும் காப்பார்வாசி ஒருவர் அதன் வாயிலில் சென்று கார் கேட்க இயலாது. முகவரிடம் முன்பணம் செலுத்திக் காத்திருக்க வேண்டும். அம்முகவரும் காத்திருப்பவரே. மாதந்தோறும் தமக்கு எத்தனை கார்கள் வரும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. அவ்வெண்ணிக்கையே ஆலை ஒதுக்கீடு எனப்படும். வாகனத் தொழில் வரலாற்றை எழுதியோர் ஆலைக்கும் சுங்கவரிக்கும் தந்த கவனத்தை முகவரின் பதிவேட்டிற்குத் தந்ததாகத் தெரியவில்லை. பொருள் குறைந்து, வேண்டுவோர் மிகுந்திருக்கும் காலத்தில் வரிசை யாருடைய கையில் இருந்தது என்பதே இக்கட்டுரையின் வினா.

ஒதுக்கீட்டின் நடைமுறையை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். விநியோக நிறுவனம் முகவரின் முந்தைய விற்பனை, வட்டாரத் தேவை, ஆலையின் உற்பத்தித் திட்டம் ஆகியவற்றை நோக்கி ஓர் எண்ணிக்கையை வகுக்கிறது. அவ்வெண்ணிக்கை வாடிக்கையாளர் பெயரில் வருவதில்லை. மாதிரி, விசைப்பெட்டி வகை, நிறம் எனப் பிரிந்து வருகிறது. வந்த வண்டியின் அடிச்சட்ட எண்ணைப் பதிவேட்டிலுள்ள ஒரு பெயரோடு பொருத்துவது முகவரின் பணி. ஆகவே வெளியிலிருந்து ஒரே வரிசையாகத் தோன்றுவது உண்மையில் பல வரிசைகளின் தொகுப்பாகும். வெள்ளை நிற வண்டிக்குப் பதிந்தவர், தமக்குப் பின் வந்து சாம்பல் நிறம் கேட்டவர் முந்திச் செல்வதைக் காண நேரிடும். இதில் முறைகேடு ஏதுமில்லை. வங்கி ஒருவரது கடனை மறுத்துவிட்டால் அவருக்குரிய வண்டி அடுத்தவருக்குப் போகும். அந்த 'அடுத்தவர்' யார் என்பதில்தான் முகவரின் அதிகாரம் தங்கியுள்ளது. பதிவேட்டின்படி அடுத்தவரா, ரொக்கம் வைத்திருப்பவரா, கூடுதல் உபகரணங்களை வாங்க இசைபவரா? இதற்கு விடை காண்பதில் இந்தியாவும் மலேசியாவும் வேறுபட்ட வழிகளில் சென்றன.

இந்தியாவில் பொருத்தும் தொழில் முன்னரே வேரூன்றியிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயிலும், ஃபோர்டு 1930இல் சென்னையிலும் ஆலை கண்டன. விடுதலைக்குப் பின் உள்நாட்டு உற்பத்தியே கொள்கையாயிற்று. 1950களின் நடுப்பகுதியில் அவ்விரு நிறுவனங்களும் விலகின. கார் உற்பத்தி பெரும்பாலும் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பிரீமியர், சென்னையின் ஸ்டாண்டர்டு ஆகிய மூன்றின் கைக்குள் அடங்கியது. தேவையோ வளர்ந்துகொண்டே சென்றது. எனவே அரசு 1959இல் கார் விநியோகம், விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. முகவரின் பதிவேடு அதன்வழிச் சட்டத்தின் பார்வைக்குள் வந்தது. கோரிக்கைகள் வந்த வரிசையிலேயே நிறைவேற்றப்பட வேண்டும். அரசுத் தேவைக்கெனத் தனிப்பங்கு உண்டு. வாங்கியவர் குறிப்பிட்ட காலத்திற்கு வண்டியை விற்கலாகாது. இறுதி விதி நோக்கத்தக்கது. வரிசையில் கிடைத்த இடமே விற்பனைப் பொருளாகிவிடும் என்பதை ஆணையை வரைந்தோர் அறிந்திருந்தனர். எனினும் அது தடுக்கப்படவில்லை. பல்லாண்டுகள் காத்திருந்து பெறும் புதிய ஃபியட்டின் விலையைவிட, உடனே கிடைக்கும் பழைய வண்டி கூடுதல் விலைக்குப் போன காலமும் இருந்தது. 1969இல் அரசு விலையையும் கட்டுப்படுத்த, அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

1983இல் மாருதிக்கு முன்பதிவு தொடங்கியபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்டோர் தலைக்கு 10,000 ரூபாய் செலுத்தினர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தியிடமிருந்து முதல் சாவியைப் பெற்றவர் குலுக்கலில் தேர்ந்தெடுக்கப்பட்டவரே. வரிசையை முகவரிடமும் விடாமல், காலமுறையிலும் விடாமல், நற்பேற்றிடம் ஒப்படைத்தார்கள் எனலாம்.

மலேசியா வேறு பாதையைத் தேர்ந்தது. 1970இல் அறிமுகமான ஏபி எனப்படும் இறக்குமதி அனுமதி, பூமிபுத்ரா வணிகரை வாகனத் தொழிலில் பங்கேற்கச் செய்யும் நோக்குடையது. இங்கு அரசு பங்கிட்டது காரையன்று. காரைக் கொண்டுவரும் உரிமையை. வாடிக்கையாளரின் வரிசையை அரசு தொடவில்லை. இந்தியாவில் வாங்குவோரின் இடத்திற்கு விலை ஏற்பட்டதுபோல, இங்கு விற்போரின் அனுமதிக்கு விலை ஏற்பட்டது. அனுமதி பெற்றவர் தாமே இறக்குமதி செய்யாமல் அதனைப் பிறருக்கு விற்பது நாடறிந்த செய்தியாயிற்று. 2005இல் அனுமதி பெற்றோர் பட்டியல் வெளியிடப்பட்டபோது எழுந்த சர்ச்சை பலருக்கு நினைவிருக்கும். 2010 முதல் அனுமதி ஒன்றுக்கு 10,000 ரிங்கிட் கட்டணம் விதிக்கப்பட்டது.

தேசியக் கார்களின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. புரோட்டோனின் விநியோகத்தை 1984இல் அமைந்த எடாரான் ஓட்டோமொபில் நேஷனல் நிறுவனம் ஏற்றது. இறக்குமதிக் கார்களின் விலையைச் சுங்கவரி உயர்த்தியிருந்தமையால் நடுத்தரக் குடும்பங்களின் தெரிவு சுருங்கியது. ரவாங்கில் உருவான பெரோடுவாவின் கஞ்சில் 1994இல் வந்தபோது, மோட்டார் சைக்கிளிலிருந்து காருக்கு மாற விரும்பியோர்க்கு அதுவே வாயிலாயிற்று. அவர்கள் காத்திருந்த வரிசை தனியார் முகவரின் மேசையிலிருந்தது. தம் இடம் எதுவென்று பார்க்கும் உரிமையை அவர்களுக்கு அளித்த விதி, இந்திய ஆணையைப் போன்றது, இங்கில்லை.

இதன் விளைவு அண்மையில் வெளிப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை, அரசு கார்களுக்கு விற்பனை வரிச் சலுகை வழங்கியது. உள்நாட்டில் பொருத்தப்பட்டவற்றிற்கு முழு விலக்கு. முழுமையாக இறக்குமதியானவற்றிற்குப் பாதி. இறுதி நாளுக்குள் முன்பதிவு செய்தோர் 2023 மார்ச் 31க்குள் வண்டியைப் பதிவு செய்தால் சலுகை உண்டு என நீட்டிக்கப்பட்டது. நுண்சில்லுத் தட்டுப்பாட்டால் ஆலைகள் தடுமாறிய வேளை அது. ஆயினும் 2022இல் 7,20,658 வாகனங்களும் 2023இல் 7,99,731 வாகனங்களும் விற்கப்பட்டன. முன்பதிவு நாள் வாடிக்கையாளர் கையிலிருந்தது. பதிவு நாளோ ஒதுக்கீட்டைப் பொறுத்திருந்தது. ஒரே நாளில் ஒரே மாதிரிக்கு முன்பணம் கட்டிய இருவரில், மார்ச் மாதத்து அடிச்சட்ட எண் தம் பெயரோடு பொருத்தப்பட்டவர் வரியின்றிப் பெற்றார்; ஏப்ரல் ஒதுக்கீட்டில் இடம்பெற்றவர்க்கு அவ்விலக்கு இல்லை.