‘அன்றைக்குப் போட்டிருந்தால்’ பிறந்த கதை

2005இல் வடக்கு வாக்குப் போட்டிருந்தால் ரணில் வந்திருப்பார். ரணில் வந்திருந்தால் முள்ளிவாய்க்கால் நடந்திராது. இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கினாலே இந்தக் கதை தேத்தண்ணிக்கடைக்கு வந்துவிடும். அதற்கு ஒரு பிறந்த நாளும் உண்டு.

2005 நவம்பர் 10ஆம் திகதி கிளிநொச்சியில் புலிகளைச் சந்தித்த தமிழ்த் தேசியக் கூட்டமைப்பினர், இந்தத் தேர்தலில் தமிழருக்கு அக்கறை இல்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்து வாக்களிப்பு. யாழ் மாவட்டத்தில் பதிவான ஏழு இலட்சம் வாக்காளரில் சாவடிக்குப் போனவர்கள் 1.21 வீதம். அக்கறை இல்லாததாலா, மிரட்டலாலா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

மகிந்த ராஜபக்சவுக்கு 4,887,152. ரணில் விக்கிரமசிங்கவுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. வாதம் அன்றைக்கே பிறந்துவிட்டது.

எல்லோரும் சொல்வது இந்த 180,786ஐத்தான். ஆனால் சட்டம் கேட்பது செல்லுபடியான வாக்குகளில் பாதிக்கு மேல். மகிந்த அந்தக் கோட்டைத் தாண்டியது 28,632 வாக்குகளால். மற்ற வேட்பாளர்களுக்கு எல்லாம் சேர்த்து இன்னும் 57,265 வாக்கு விழுந்திருந்தால் அவர் முதல் எண்ணிக்கையில் வென்றிருக்க முடியாது. இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணியிருப்பார்கள். சரி, அந்த 57,265உம் ரணிலுக்கே விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் மகிந்த 123,521 வாக்கு முன்னே நிற்பார். ஏனைய பதினொரு பேரும் சேர்ந்து பெற்றதும் அச்சொட்டாக அதே 123,521தான். அவற்றின் விருப்பு வாக்கு ஒன்று விடாமல் ரணிலுக்குப் போனாலும் சமநிலை. ஆக, தடுப்பது சுலபம், வெல்வது அவ்வளவு சுலபமல்ல. விருப்பு வாக்கை எண்ணும் அந்தக் காட்சியை நாடு முதன்முதலாகப் பார்த்தது 2024 செப்டம்பரில்.

கணக்கு இத்தோடு முடிந்துவிடும். பிறகு மனசைப் பற்றிய வாதம் தொடங்கும், அதற்கு முடிவு கிடையாது. மகிந்த 2005 செப்டம்பரில் ஜே.வி.பி.யுடனும் ஹெல உறுமயவுடனும் கையெழுத்திட்டது கொள்கையா, வாக்குக்கான வேடமா? 2002இல் போர்நிறுத்தம் செய்த ரணில் சமாதானக்காரரா? அவருடைய கட்சிக்காரரே தேர்தலுக்கு முன்னால், புலிகளிடமிருந்து கருணாவைப் பிரித்தது தாங்கள்தான் என்று பெருமையடித்தார்களே. பிரபாகரனோ தேர்தல் முடிந்து பத்தே நாளில், மாவீரர் நாள் உரையில், புதிய ஜனாதிபதி யதார்த்தவாதியாகக் கருதப்படுவதாகச் சொன்னார். புறக்கணிப்புக்குப் பணம் கைமாறியது என்ற குற்றச்சாட்டு 2007இல் வந்தது; மகிந்த தரப்பு மறுத்தது. சொன்னவர்கள் மங்கள சமரவீரவும் ஸ்ரீபதி சூரியாராச்சியும். அமைச்சுப் பதவி பறிபோன பிறகு சொன்னார்கள் என்பதால், அவர்களின் மனச்சாட்சி மீதே அடுத்த சுற்று வாதம் ஓடியது.

மன்னார் மாவட்டத்து மறிச்சுக்கட்டிக் கரையில் வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பு முகாமில், சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விடுவார்கள். நடக்காத தேர்தலை வைத்துத் தலைவரின் உள்ளத்தை விலை பேசுவதும் அப்படித்தான். திறந்து பார்க்க வழியில்லாதவரை எல்லாச் சிப்பியிலும் முத்து இருக்கும்.

இந்த மறிச்சுக்கட்டியில் 2005 பற்றிய வாதம் வேறு மாதிரி. 1990 அக்டோபர் இறுதியில் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மறிச்சுக்கட்டியும் காலியானது. 2005இல் ஊர்க்காரர் பெரும்பாலும் புத்தளத்து முகாம்களில் இருந்தார்கள், வன்னி மாவட்ட வாக்கை அங்கே போட்டார்கள். அம்மாவட்டத்தில் ரணிலுக்கு 65,798, மகிந்தவுக்கு 17,197. ‘வடக்கு போட்டிருந்தால்’ என்று கதைக்கிறவர்களுக்கு, போட்ட வடக்கு ஒன்று இருந்தது நினைவில் வருவதில்லை. யாழ்ப்பாணத்தாரை வாக்களிக்க விடாத கைதான் இவர்களை ஊரைவிட்டு அனுப்பியது. அப்படியிருக்க, ரணில் வந்து போர்நிறுத்தம் நீண்டிருந்தால் தாங்கள் எப்போது திரும்பியிருப்போம் என்ற கேள்வி இவர்களுக்கு இருக்கிறது. 2009இல் போர் முடிந்த பிறகுதான் பாதை திறந்தது என்பதை அவர்கள் மறக்க முடியுமா?

ஊகமாக இல்லாமல் திறந்து பார்க்கக் கிடைத்த சிப்பி 2015. 2014 நவம்பரில், முதல்நாள் இரவு மகிந்தவோடு அப்பம் சாப்பிட்டுவிட்டு மைத்திரிபால சிறிசேன எதிரணிக்குப் போனார். அந்த டிசம்பர் 22இல் வன்னி எம்.பி.யும் அமைச்சருமான ரிசாட் பதியுதீனும் மாறினார். சந்தர்ப்பவாதம் என்றார்கள் ஒரு பக்கம். மக்கள் போகும் பக்கம் போனார் என்றார்கள் மறுபக்கம். ஜனவரி 8இல் மைத்திரி 6,217,162 வாக்கு எடுத்து வென்றார். ஊர் விரும்பியதே நடந்தது. ‘இருந்தால்’ என்று சொல்ல இடமே இல்லை. அதே ஆண்டு, திரும்பி வந்து காணி துப்புரவாக்கியவர்கள் வில்பத்துக் காட்டை அழிக்கிறார்கள் என்று கொழும்பில் கூச்சல் எழுந்தது. 2017 மார்ச்சில், ரஷ்யாவுக்குப் போயிருந்த ஜனாதிபதி அங்கிருந்தபடியே மாவில்லுவைப் பாதுகாப்பு வனமாக்கும் வர்த்தமானியில் கையெழுத்திட்டார். மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி நிலங்களும் அதற்குள் என்று ஊர் கொதித்தது. சனங்கள் நாட்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள்.

மைத்திரியின் உள்நோக்கத்தை நான் அறியேன், அறிய வேண்டியதும் இல்லை. கையெழுத்து தெரிகிறது. 2005இன் ரணிலுக்கு அப்படி ஒரு கையெழுத்துப் போட வாய்ப்பே வரவில்லை. அதனால்தான் அந்த வாதத்தில் அவர் இன்னும் இவ்வளவு நல்லவர். 2022இல் அவர் ஜனாதிபதியானபோது பழைய வாதக்காரர் பலர் சற்றுத் தடுமாறினார்கள். அது வேறு ரணில் என்று சமாளித்தவர்களும் உண்டு.

இடையில் 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாள். புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்க வந்த இடம்பெயர்ந்தோரின் பஸ்கள் மீது தந்திரிமலையில் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். அதற்குப் பிறகும் பஸ்கள் மன்னாருக்கே போயின.