வெட்சூட்டா, டிரைசூட்டா?

சியாட்டிலில் பாலார்ட் லாக்ஸ் என்றொரு இடம் இருக்கிறது. 1917இல் திறப்பு விழா கண்ட இந்த நீர்மதகுகளுக்கு ஒரு பக்கம் யூனியன் ஏரி, மறுபக்கம் பியூஜெட் சவுண்ட் என்னும் கடற்கழி. ஆகஸ்ட் மாதத்தில் ஏரித் தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மதகுக்கு அப்பால் திறந்த கழியில் கடல்நீர் அதே நாளில் பெரும்பாலும் 13, 14 டிகிரியில்தான் இருக்கும். வெயிலும் காற்றும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். அதனால் ஏரியில் டி-ஷர்ட்டோடு கயாக் ஓட்டப் பழகியவருக்கு, அதே டி-ஷர்ட்டோடு கடலில் இறங்கலாம் என்று தோன்றுவதில் வியப்பில்லை. இந்த ஊருக்கு மென்பொருள் வேலைக்கு வந்து கயாக்கில் ஆசை வைக்கும் நம்மவர்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும். நம் உடம்புக்குப் பழக்கமான சென்னைக் கடலின் சூடு 27, 28 டிகிரி. இங்கே வெயிலைப் பார்த்து உடுத்தக் கூடாது, தண்ணீரைப் பார்த்துத்தான் உடுத்த வேண்டும்.

தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு அதிகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால் உடல் சூடு குறைவது பிறகுதான், முதல் ஆபத்து மூச்சில் வருகிறது. குளிர்நீரில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், நாம் நினைத்தாலும் அடக்க முடியாது. அந்த நொடியில் முகம் நீருக்குள் இருந்தால் தண்ணீர்தான் உள்ளே போகும். கனடாவின் மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று கற்பிக்கிறார். மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்க 10 நிமிடம், குளிரால் நினைவு தப்ப 1 மணி நேரம். இது உறைநிலையை ஒட்டிய நீருக்கான கணக்கு. ஆனாலும் 12 டிகிரியில் மூச்சு திணறுவது ஒன்றும் குறைந்துவிடாது.

இதற்கு எதிராகக் கடையில் இரண்டு உடைகள் தொங்குகின்றன.

வெட்சூட் தண்ணீரை உள்ளே விடும். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் இயற்பியலாளர் ஹியூ பிராட்னர் கண்டுகொண்ட சூட்சுமம் இது. உடம்பு நனைந்தால் பரவாயில்லை, அதைச் சுற்றியுள்ள பொருளில் வாயுக் குமிழிகள் அடைந்திருந்தால் சூடு எளிதில் வெளியேறாது. நியோப்ரீன் ரப்பர் முழுக்க அந்தக் குமிழிகள்தான். உள்ளே புகுந்த தண்ணீரே கதகதப்பு தருகிறது என்று பலர் நம்புகிறார்கள். அப்படியல்ல. தண்ணீர் எவ்வளவு குறைவாகப் புகுந்து எவ்வளவு அசையாமல் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு நல்லது. முதுகுப் பள்ளத்தில் ரப்பர் உடம்பை விட்டு விலகி நின்றால், துடுப்பு போடும்போதெல்லாம் புதுக் குளிர்நீர் உள்ளே பாயும். ஆகவே தொளதொளப்பான வெட்சூட் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் வீண்.

கயாக் ஓட்டுபவர்கள் வாங்குவது பெரும்பாலும் ‘ஃபார்மர் ஜான்’ என்னும் கையில்லாத வகை, 3 மில்லிமீட்டர் தடிமன். 100 முதல் 200 டாலருக்குள் கிடைத்துவிடும். தோள் தாராளமாகச் சுழலும், ஆனால் அந்தத் தோள் குளிருக்கும் திறந்தே இருக்கும். மேலே காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் ஒன்று வேண்டும். அது இல்லாமல் நனைந்து ஏறி உட்கார்ந்தால், ஈர ரப்பர்மேல் காற்று பட்டுப் படகிலேயே நடுங்க வைக்கும்.

டிரைசூட் இதற்கு நேர்மாறு. கோர்-டெக்ஸ் போன்ற சவ்வு வைத்த துணி வேர்வையின் ஆவியை வெளியே விடும், தண்ணீரை உள்ளே விடாது. கழுத்திலும் மணிக்கட்டிலும் லேடெக்ஸ் பட்டிகள் தோலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதல்முறை தலையை நுழைப்பவருக்குக் காது மடங்கும், முடி சிக்கும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். பட்டியின் உள்பக்கம் கொஞ்சம் பவுடர் தடவி, பத்து விரல்களாலும் அகலமாக விரித்துப் பிடித்துத் தலையை விட வேண்டும், நகம் படக்கூடாது. ஜிப்பைக் கடைசிப் பல்வரை இழுத்துவிட்டோமா என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு கரையோர நீரில் குந்தி, கழுத்துப் பட்டியை ஒரு விரலால் லேசாக விலக்கினால் உள்ளே அடைந்த காற்று புஸ்ஸென்று வெளியேறும். துணி கால்களோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் நீந்த வசதி.

இந்த உடைக்குத் தனக்கென்று சூடு கிடையாது. உள்ளே ஃபிளீஸோ கம்பளியோ போட்டுக்கொண்டால்தான் பலன். பருத்தி மட்டும் வேண்டாம், வேர்வையில் ஊறினால் அது குளிரை உடம்போடு ஒட்ட வைத்துவிடும். உள்ளாடைகளை மாற்றி ஒரே டிரைசூட்டை ஜனவரிக்கும் ஜூலைக்கும் பொருத்திக்கொள்ளலாம், வெட்சூட்டில் அது நடக்காது. விலைதான் தடை: நல்லதாக வேண்டுமென்றால் 1,000 டாலரைத் தாண்டும்.

பழுதாகும் விதத்தில் வெட்சூட்டுக்கே என் ஓட்டு. முழங்காலில் கிழிந்தாலும் மற்ற இடமெல்லாம் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். டிரைசூட்டில் ஜிப் பாதி திறந்திருந்தால், கழுத்துப் பட்டி வெடித்திருந்தால், உள்ளிருக்கும் கம்பளி மொத்தமும் நனைந்து பாதுகாப்பு போய்விடும். சன்ஸ்கிரீன் எண்ணெயும் வெயிலும் லேடெக்ஸை அரித்துக்கொண்டே இருக்கும்.

இருந்தும், ‘பழகுகிறவருக்கு மலிவானது போதும், தேர்ந்த பிறகு நல்லதாக வாங்கிக்கொள்ளலாம்’ என்று கடைகளில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தேர்ந்தவர் கவிழ்ந்தால் துடுப்பை ஒரு சுழற்று சுழற்றிச் சில நொடிகளில் நிமிர்ந்துவிடுவார். பழகுகிறவர் படகிலிருந்து வெளியே வந்து, படகை நிமிர்த்தி, மற்றவர் பிடித்துக்கொள்ள, இரண்டு மூன்று தடவை வழுக்கி விழுந்து ஏற வேண்டும். ஒரு பயிற்சி நாளில் இது பலமுறை நடக்கும். நீரில் அதிக நேரம் கிடப்பவர் அவர். குளிர்ந்து போனவருக்கு ஆசிரியர் சொல்வது காதில் ஏறாது, விரல்கள் துடுப்பைப் பிடிக்காது. கற்க வந்தவர் கற்காமலே திரும்புவார்.

ஆகவே கோடையில், கரையை ஒட்டி, துணையோடு, அரைநாளுக்குள் திரும்புவதென்றால் உடம்போடு படிந்த ஃபார்மர் ஜானும் ஜாக்கெட்டும் எனக்குச் சரி. கவிழ்ந்து ஏறும் பயிற்சிக்கும், சான் வான் தீவுகளுக்கிடையே கரையைவிட்டு விலகிப் போவதற்கும், அக்டோபர் முதல் மே வரை எந்தப் பயணத்துக்கும் டிரைசூட்தான். வாங்க முடியாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். எடுக்கும்போது கழுத்துப் பட்டியை வெளிச்சத்தில் நீட்டிப் பாருங்கள். சிறு வெடிப்புகள் கோடுகோடாகத் தெரிந்தாலோ, தொட்டால் பிசுபிசுத்தாலோ வேறொன்று கேளுங்கள்.

எந்த உடையானாலும் தலையையும் கையையும் அது காப்பதில்லை, நியோப்ரீன் குல்லாவும் கையுறையும் தனியாக வேண்டும். லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே, வார்கள் இறுக்கப்பட்டு உடம்பில் இருக்க வேண்டும். மூச்சு திணறும் அந்த முதல் நிமிடத்தில் படகின் பின்னால் கட்டி வைத்த ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொள்ள யாராலும் முடியாது.