ஹூடினி விட்டுப்போன பாஸ்வேர்டு

ஆவி, செத்தவங்க வந்து பேசுறது, இதையெல்லாம் நம்பலைன்னு சொன்னா, "உனக்குப் பாசமே கிடையாதா?"ன்னு கேட்பாங்க. என்கிட்டயும் கேட்டிருக்காங்க. அதனாலதான் இன்னைக்கு ஹாரி ஹூடினி கதை.

விலங்கு, பூட்டு, பெட்டி என்று எதில் அடைத்தாலும் வெளியே வந்து காட்டிய அமெரிக்க மேஜிக் கலைஞர். 1913-ல் அவருடைய அம்மா இறந்தபோது அவர் ஐரோப்பாவில் இருந்தார். அம்மாவோடு ஒரே ஒரு தடவை பேசிவிட வேண்டும் என்ற ஏக்கம் கடைசிவரை போகவில்லை.

1922-ல் அட்லாண்டிக் சிட்டியில், ஷெர்லாக் ஹோம்ஸை எழுதிய கோனன் டாயிலின் மனைவி, "உங்க அம்மா என் கை வழியா எழுதுறாங்க"ன்னு பக்கம் பக்கமா எழுதிக் கொடுத்தார். மேலே ஒரு சிலுவை. முழுக்க ஆங்கிலம். ஹூடினியின் அம்மாவோ யூத மதகுருவின் மனைவி. மகன் சொன்னபடி, ஆங்கிலம் எழுதத் தெரியாதவர். டாயிலோடு இருந்த நட்பு முறிந்தது. ஹூடினி மாறுவேடத்தில் போய் ஆவியோடு பேசுவதாகச் சொன்னவர்களை அம்பலப்படுத்தினார்.

ஆனாலும் அவர் கதவைச் சாத்திடல, பாருங்க. 'நான் செத்த பிறகு வர முடிஞ்சா இதைச் சொல்றேன்'னு மனைவி பெஸ்ஸோடு ஒரு ரகசியச் செய்தி பேசி வைத்தார். நம்ம பாஷையில பாஸ்வேர்டு. அதற்கு எடுத்துக்கொண்டது, இருவரும் மேடையில் பயன்படுத்திய பழைய குறியீடு: பத்து வார்த்தை, பத்து எண். 'ஆன்சர்' என்றால் 2, அதாவது 'பி'. 'டெல்' என்றால் 5, 'ஈ'. இப்படிக் கூட்டினால் 'பிலீவ்' என்று வரும். நம்பு!

1926 அக்டோபர் 31-ல் ஹூடினி இறந்தார். 1929 ஜனவரியில் ஆர்தர் ஃபோர்டு என்பவர் அந்தச் செய்தியை அப்படியே சொன்னார். சரிதான் என்று பெஸ் கையெழுத்தும் போட்டார்.

சிக்கல் என்னன்னா, 1928-ல் வந்த ஹூடினியின் வாழ்க்கை வரலாற்றிலேயே அந்தக் குறியீட்டு அட்டவணை அச்சாகியிருந்தது. அதை வைத்து ஃபோர்டு ஏமாற்றினார் என்று நிரூபிக்க முடியாது. ஆனா ரகசியம் பாதி வெளிய போனதுக்கு அப்புறம், லாகின் ஆனது அக்கவுன்ட்காரர்தான்னு எப்படிச் சொல்றது? பெஸ்ஸும் பிறகு அந்தச் செய்தி உண்மையில்லை என்று மறுத்தார்.

1936 அக்டோபர் 31. ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டல் மொட்டை மாடி. பெஸ் கடைசியாகக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை. கணவர் படத்தின் அருகே எரிந்த விளக்கை அணைத்தார்.

பத்து வருஷம் காத்திருந்தவங்களைப் பாசம் இல்லாதவங்கன்னு சொல்ல முடியுமா? நேசிச்சவங்க குரல்னு நினைச்சு வேற யார் குரலையோ ஏத்துக்க மாட்டேன்னு நிக்கிறதும் பாசம்தான்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.