கல்லீரலை அடைத்த மூலிகைத் தேநீர்

கல்லீரலுக்குள் இரத்தம் வர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கல்லீரல் தமனி. மற்றொன்று, குடலில் இருந்து சத்துக்களைச் சுமந்து வரும் போர்ட்டல் சிரை. ஆனால் இரத்தம் வெளியேறுவது கல்லீரல் சிரைகள் வழியாக மட்டும்தான். அந்த வழி அடைபட்டால் கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோர்க்கும்.

இந்த அடைப்பைப் பற்றி 1845-ல் எழுதியவர் இங்கிலாந்து மருத்துவர் ஜார்ஜ் பட். 1899-ல் ஆஸ்திரிய நோய்க்குறியியல் அறிஞர் ஹான்ஸ் கியாரி இதை மேலும் விளக்கினார். அதனால்தான் இதற்கு பட்-கியாரி நோய் என்று பெயர்.

1950களில் ஜமைக்கா தீவில் ஒரு புதிர் எழுந்தது. ஏழை வீட்டுக் குழந்தைகள் பலர் வீங்கிய வயிறோடு மருத்துவமனைக்கு வந்தனர். சிலர் இறந்தும் போயினர். பரிசோதித்தபோது பெரிய சிரைகளில் அடைப்பு இல்லை. கல்லீரலுக்குள் இருந்த நுண்ணிய சிரைகளே அடைபட்டிருந்தன! பிராஸ், ஜெல்லிஃப், ஸ்டூவர்ட் என்ற மூன்று மருத்துவர்கள் 1954-ல் இதனை 'சிரை அடைப்பு நோய்' என்று தனியாக விவரித்தனர்.

காரணம் என்ன? சந்தேகம் மூலிகைத் தேநீர் மீது விழுந்தது. காய்ச்சல், சளி என்றால் செடிகளைக் கொதிக்க வைத்துக் கொடுப்பது அங்கே காலங்காலமான வழக்கம். அவற்றில் குரோட்டலேரியா இனச் செடியும் ஒன்று. தமிழில் கிலுகிலுப்பை என்று சொல்லும் செடிகள் இந்த இனம்தான். காய்ந்த காயை ஆட்டினால் விதைகள் கிலுகிலுவென்று சத்தமிடும்.

இதில் உள்ள பைரோலிசிடின் ஆல்கலாய்டு கல்லீரலுக்குள் போன பிறகுதான் கடும் நஞ்சாக மாறுகிறது. மாற்றுவதும் கல்லீரலேதான்! அந்த நஞ்சு நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைச் சிதைத்து, வழியை அடைத்துவிடுகிறது. குழந்தை குணமாக வேண்டும் என்று தாய் கொடுத்ததே குழந்தைக்கு எமனானது. பாசத்தோடு கொடுத்த மருந்தை யார் சந்தேகிப்பார்கள்? தாய்மார்களுக்கு இது எடுத்துச் சொல்லப்பட்ட பின் அங்கே நோய் குறைந்தது.

இந்தியாவும் இதற்குத் தப்பவில்லை. 1975-ல், அன்று மத்தியப் பிரதேசத்திலும் இன்று சத்தீஸ்கரிலும் உள்ள சர்குஜா பகுதியில் இதே நோய் பரவியது. அங்கே யாரும் தேநீர் குடிக்கவில்லை. உண்ட சிறுதானியத்தில் குரோட்டலேரியா விதைகள் கலந்திருந்தன. பலர் உயிரிழந்தனர்.

ஜமைக்காவில் பேச்சே மருந்தானது. ஆனால் தானியத்தோடு கலந்து வரும் விதையைப் பேச்சால் மட்டும் விலக்க முடியாது. விளையும் வயலிலும் புடைக்கும் முறத்திலும் கவனம் வேண்டும். 'இயற்கையானது, அதனால் கெடுதல் இல்லை' என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஊர்களையும் நினைத்துப் பார்ப்பது நல்லது.