பகலொளியும் குறித்த நேரமும்

கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் உள்ள குருபரப்பள்ளிப் பகுதியில் பலருக்கு வேலை நேரம் ஷிப்டைப் பொறுத்தது. இயேசுவின் காலத்தில் அது கதிரவனைப் பொறுத்தது. கதிரவன் எழுவது முதல் மறைவது வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டு மணி நேரமாகப் பகுத்தார்கள். கோடையில் ஒரு மணி நேரம் இன்றைய 70 நிமிடத்தைத் தாண்டும்; குளிர்காலத்தில் ஏறக்குறைய 50 நிமிடமே. எண்ணிக்கை மட்டும் மாறாது.

இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தை இயேசு நினைவூட்டுவது ஆபத்தான ஒரு வேளையில் (யோவா 11:7-10). யூதேயாவில் அவரைக் கல்லால் எறியத் தேடினார்கள்; சீடர்கள் அஞ்சினார்கள். ஆயினும் இலாசருக்காக அவர் புறப்படுகிறார். தந்தை குறித்த நேரத்தைப் பகைவரால் குறைக்க முடியாது. கானாவூரில் வராதிருந்த அந்த நேரம் (2:4), எருசலேமில் பாஸ்கா விழாவையொட்டி வந்தது (12:23; 13:1). யூதாசு பந்தியை விட்டு வெளியேறிய பொழுதை இரவு என யோவான் குறிப்பிடுகிறார் (13:30).

யோவானுக்கு உண்மையான ஒளி கிறிஸ்துவே (8:12). ஆகவே இரவு ஷிப்டுக்குச் செல்வோரும் அவரோடு நடந்தால் பகலில் நடப்பவர்களே. நமக்குக் குறித்த நேரம் எவ்வளவு என்பதை நாம் அறியோம். நோயுற்றவரைச் சந்திப்பதையும், மனம் கசந்தவரோடு ஒப்புரவாவதையும் அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப்போடாமல், ஒளி இருக்கும்போதே புறப்படுவோம்.