வீட்டுக்குள் பவளப்பாறை தொட்டி வைக்கப் போறீங்களா? சட்டம் முதல் கரண்ட் பில் வரை... முழு விவரம்!

நீல வெளிச்சம், அசைந்தாடும் பவளங்கள், நடுவே ஓடி விளையாடும் 'நீமோ' மீன்கள்... யூடியூபில் 'ரீஃப் டேங்க்' வீடியோக்களைப் பார்த்தால், நம்ம வீட்டு ஹாலிலும் இப்படி ஒண்ணு வைக்கலாமே என்று ஆசை வருவது இயல்புதான்.

ஆனால், அந்த வீடியோக்களில் பல வெளிநாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே கடையில் பில் போட்டு வாங்கும் பவளத்தை, இங்கே வீட்டில் வைத்திருந்தால் சிறைக்குப் போக நேரிடலாம். அப்படியென்றால் இந்தியாவில் பெரிய கடல் மீன் தொட்டியே வைக்க முடியாதா? முடியும். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

பவளம் வைத்திருப்பது ஏன் குற்றம்?

பவளம் செடியோ கல்லோ அல்ல, உயிருள்ள விலங்கு. பாறை உருவாக்கும் எல்லா வகை கடினப் பவளங்களும் 2001-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் பட்டியல் 1-ல் சேர்க்கப்பட்டன. அதாவது புலி, யானைக்கு உள்ள அதே பாதுகாப்பு. கருப்புப் பவளம், நெருப்புப் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை ஆகியவையும் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களே.

பிடிப்பது, விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் குற்றம். 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இறந்த பவளத் துண்டுக்கும் இது பொருந்தும். 'லைவ் ராக்' என்ற பெயரில் கடலில் இருந்து எடுத்த பவளக் கல்லை விற்றால் வாங்காதீர்கள்.

இந்தக் கடுமைக்குக் காரணம் நம்ம ஊர்லயே இருக்கு. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல ஆண்டுகள் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டதால், அலையைத் தடுக்க அரண் இல்லாமல் 2 தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. மிச்சமிருக்கும் பவளங்களும் கடல் நீர் சூடாவதால் வெளிறிப் போகின்றன.

"இது இம்போர்ட்டட், பில் இருக்கு" என்று கடைக்காரர் சொன்னால்?

அதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கடைக்காரர் தரும் பில், வனத்துறை அனுமதி ஆகாது. வெளிநாட்டு உயிரினம் 'சைட்டிஸ்' எனும் சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருந்தால், அதை மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். சந்தேகம் இருந்தால் வாங்கும் முன்பே வனத்துறையிடம் கேட்டுவிடுவது நல்லது.

அப்போ என்ன வைக்கலாம்?

செராமிக் அல்லது செயற்கைப் பாறை, ரெசினில் செய்த பவள மாதிரிகள், அவற்றுக்கு நடுவே உயிருள்ள கடல் மீன்கள். இதில் பணமும் மிச்சம். உயிருள்ள பவளத்துக்குத் தேவைப்படும் விலை உயர்ந்த விளக்கும், தினசரி கால்சியம் டோசிங்கும் வேண்டாம்.

உங்கள் வீட்டுத் தரை தாங்குமா?

5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். கணக்கு இதுதான்:

- தண்ணீர்: சுமார் 560 லிட்டர். கடல் நீர் என்பதால் எடை 570 கிலோவுக்கு மேல்.
- 12 மி.மீ கண்ணாடி: சுமார் 100 கிலோ.
- பாறை, மணல், ஸ்டாண்ட், கீழே உள்ள வடிகட்டித் தொட்டி: இன்னும் 300 கிலோ.

மொத்தம் கிட்டத்தட்ட ஒரு டன்! அதுவும் வெறும் 10 சதுர அடி இடத்தில். வீட்டுத் தளங்கள் பொதுவாக ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கப்படுகின்றன. தரைத்தளம் என்றால் பெரிய கவலை இல்லை. மாடி வீடு, அபார்ட்மென்ட் என்றால் கட்டடப் பொறியாளரிடம் காட்டாமல் தொட்டிக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள். பீம் மேலே, சுவரை ஒட்டி வைப்பது பாதுகாப்பு.

வீட்டு உப்பைப் போட்டால் கடல் நீர் ஆகிவிடுமா?

ஆகாது. சமையல் உப்பு என்பது சோடியம் குளோரைடு மட்டுமே. கடல் நீரில் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கும். அதற்கென்றே தயாரிக்கப்பட்ட கடல் உப்புக் கலவை தேவை. ஒரு லிட்டருக்கு சுமார் 35 கிராம். 600 லிட்டருக்கு 21 கிலோ!

போர்வெல் தண்ணீரை நேரடியாக ஊற்றக் கூடாது. ஆர்.ஓ செய்த தண்ணீரில் உப்பைக் கரைத்து, அளவுமானியில் 1.025 காட்டிய பிறகுதான் தொட்டிக்குள் விட வேண்டும்.

இன்னொரு விஷயம். தொட்டியில் இருந்து ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். குறைந்த அளவை ஈடுகட்ட உப்பு நீரை ஊற்றினால், நாளாக ஆக தொட்டி உப்பளமாகிவிடும். உப்பில்லாத ஆர்.ஓ தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

பம்ப், அலை உருவாக்கும் வேவ் மேக்கர், கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் மூன்றும் 24 மணி நேரமும் ஓட வேண்டும். மூன்றும் சேர்த்து 130 வாட் என்றால் தினமும் 3 யூனிட். கோடையில் தண்ணீரை 26 டிகிரியில் வைக்க சில்லர் வேண்டும். 400 வாட் சில்லர் 10 மணி நேரம் ஓடினால் 4 யூனிட். விளக்குக்கு ஒரு யூனிட்.

ஆக, ஒரு நாளைக்கு 8 யூனிட். தமிழ்நாட்டில் 2 மாதத்துக்கு ஒருமுறைதான் மின் கணக்கெடுப்பு. அந்தக் கணக்கில் தொட்டிக்கு மட்டுமே 480 யூனிட்! வீட்டுப் பயன்பாட்டையும் சேர்த்தால் 500-ஐத் தாண்டி, கட்டண ஸ்லாப்பே மாறிவிடும்.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

இரண்டு ஆபத்து. ஒன்று, நீரோட்டம் நின்றதும் ஆக்சிஜன் குறையும். வேவ் மேக்கரை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுங்கள், அல்லது பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் வைத்திருங்கள்.

இரண்டு, மேல் தொட்டித் தண்ணீரில் ஒரு பகுதி கீழே உள்ள வடிகட்டித் தொட்டிக்கு இறங்கும். அதில் காலி இடம் இல்லையென்றால் ஹால் முழுக்க உப்புத் தண்ணீர்தான். முதல் நாளே பம்பை அணைத்துச் சோதித்துப் பாருங்கள். மின் கசிவைத் தடுக்கும் ஆர்.சி.சி.பி கட்டாயம் வேண்டும்.

மீன்களை எப்போது விடலாம்?

தொட்டி ரெடியான அன்றே மீன் வாங்கி விடுவதுதான் பெரும்பாலான மீன்கள் சாகக் காரணம். மீன் கழிவில் இருந்து வரும் அம்மோனியா விஷம். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பாறையில் வளர 4 முதல் 6 வாரங்கள் ஆகும். டெஸ்ட் கிட்டில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் ஜோடி மீன்களை விடலாம்.

அடுத்தடுத்த மீன்களுக்கும் 2, 3 வாரம் இடைவெளி விடுங்கள். புதிய மீன்களைத் தனித் தொட்டியில் 4 வாரம் வைத்துக் கவனித்த பிறகு சேர்த்தால் நோய் பரவாது.

எந்த மீன் நல்லது?

தொடங்குபவர்களுக்குப் பண்ணையில் வளர்த்த நீமோ மீன்கள் சரியான தேர்வு. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம், இவற்றைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் தொழில்நுட்பத்தை உருவாக்கியுள்ளது. தொட்டியிலேயே பிறந்ததால் எளிதில் பழகும், கடலுக்கும் இழப்பில்லை.

'டோரி' எனப்படும் நீல டாங் மீனை யோசித்து வாங்குங்கள். கடையில் இரண்டு விரல் அளவு இருந்தாலும், வளர்ந்தால் ஓர் அடி வரை வரும். இதற்கு 5 அடி தொட்டியே நெருக்கடிதான்.

கடைசியாக ஒரு கணக்கு

வாரம் ஒருமுறை நீர்ப் பரிசோதனை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 10 சதவீதத் தண்ணீர் மாற்றம், தினமும் ஆவியான நீரை ஈடுகட்டுவது. ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள். நன்றாகப் பராமரித்தால் நீமோ மீன்கள் 10 ஆண்டுகளுக்கு மேல் வாழும். அத்தனை ஆண்டுகள் இதைச் செய்ய முடியுமா என்று யோசித்துவிட்டு இறங்குங்கள். முடியாமல் போனால் மீன்களைக் கடலில் கொண்டுபோய் விடாதீர்கள். கடைக்கோ, வேறு வளர்ப்பாளருக்கோ கொடுங்கள்.